வாங்கலாமா, வேண்டாமா? மாங்கா பக்கங்களில் கறுப்பும் டோனும்

கேள்வி: வணக்கம் சார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. தேவனாம்பட்டினத்தில் ராத்திரி வலைக்குப் போகிறவர்களை வைத்து 24 பக்கத்தில் ஒரு மாங்கா (ஜப்பானிய பாணிச் சித்திரக்கதை) வரைந்தேன். இலவச மென்பொருளில், ஏ4 அளவில், 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 பிக்சல்) வரைந்து, நிழலுக்குப் புள்ளி டோன் ஒட்டி, ஜேபிஜியாகக் கொடுத்தேன். பாண்டிச்சேரியில் ஒரு டிஜிட்டல் பிரஸ்ஸில் ஏ5 புத்தகமாக 30 பிரதி போட்டோம், நண்பர்களுக்குக் கொடுக்கத்தான். கறுப்பு வெள்ளை என்றுதான் சொன்னேன். அட்டை, சென்டர் பின் தனி; உள்பக்கத்துக்கு மட்டும் 3,960 ரூபாய். வந்து பார்த்தால் டோன் போட்ட இடமெல்லாம் கட்டம் கட்டமாக லுங்கித் துணி மாதிரி இருக்கிறது. கறுப்புக் கடல் பழுப்பு அடிக்கிறது. கேட்டால் "ஃபைல் அப்படி" என்கிறார்கள். நான் காசு கொடுத்து நல்ல மென்பொருளும் டோன் பேக்கும் வாங்க வேண்டுமா? பணம் திரும்பக் கிடைக்குமா? பிரஸ் வேறு மாநிலத்தில் இருக்கிறதே?

பதில்: மென்பொருள் இப்போதைக்கு வாங்க வேண்டாம் அம்மா. நீங்கள் அனுப்பிய பிரதியையும் ஃபைல்களையும் பார்த்தேன். வரைந்ததில் குறையில்லை. 11ஆம் பக்கத்தில் படகு மட்டும் வெள்ளையாக நிற்கிற அந்தக் கடலை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை இப்படி அச்சில் பார்க்க மனசு கேட்கவில்லை.

அந்தப் பக்கத்தில் லென்ஸை வைத்தேன். கறுப்பின் ஒரு ஓரத்தில் மயிரிழை அளவு நீலம், எதிர் ஓரத்தில் அதே அளவு சிவப்பு. கறுப்பு மை ஒன்றால் அச்சான பக்கத்தில் இது தெரியவே தெரியாது. நீங்கள் கொடுத்த ஜேபிஜி, திரைக்கான ஆர்ஜிபி வண்ணத்தில் இருந்திருக்கிறது. மெஷின் அதை நாலு கலராகப் பிரித்து, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நாலையும் கலந்து உங்கள் கடலை அடித்திருக்கிறது. பழுப்பு அங்கிருந்து வந்தது. வசனம் மங்கலாக இருப்பதும் அதனால்தான். நாலு மையும் ஒரு நூல் விலகினாலே சின்ன எழுத்து கலங்கிவிடும்.

பில்லும் இதையே சொல்கிறது. ஏ5இல் 24 பக்கம் என்றால் ஒரு பிரதிக்கு ஏ4 தாளில் 12 சைடு. 30 பிரதிக்கு 360. 3,960ஐ வகுத்தால் சைடுக்கு 11 ரூபாய். அது கலர் ரேட். கறுப்பு வெள்ளை கேட்டவரிடம் கலர் அடித்து, கலர் காசும் வாங்கியிருக்கிறார்கள். இந்த ஒரு இடத்தில் உங்கள் பக்கம் நியாயம் முழுக்க இருக்கிறது. "கறுப்பு வெள்ளை" என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள்.

கட்டம் விழுந்தது வேறு கதை. அதில் பாதி உங்களுடையது.

பழைய அச்சகத்தில் படத்துக்கு இரண்டு விதமாக பிளாக் (அச்சுக்கட்டை) எடுப்பார்கள். கோட்டுப் படத்துக்கு லைன் பிளாக். போட்டோவுக்கு ஹாஃப்டோன் பிளாக். மை ஒன்றுதான், சாம்பல் மை கிடையாது என்பதால் சாம்பலைப் புள்ளிகளாக உடைப்பது ஹாஃப்டோன். மாங்கா டோனும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஜப்பானில் ஓவியர்கள் புள்ளி அச்சிட்ட ஒட்டுத்தாளை வாங்கி, படத்தின் மேல் ஒட்டி, கத்தியால் சுற்றி வெட்டி எடுத்தார்கள். இப்போது அதைக் கணினி செய்கிறது. 60 லைன் டோன் என்றால் ஓர் அங்குலத்துக்கு 60 வரிசைப் புள்ளி. 600 டிபிஐ பக்கத்தில் ஒரு புள்ளிக்குச் சரியாக 10 பிக்சல் இடம். கணக்கு பிசகாது.

ஏ4 பக்கத்தை ஏ5 ஆக்கும்போது படம் 70.7 சதவீதமாகச் சுருங்குகிறது. 10 பிக்சல் 7.07 ஆகிவிட்டது. பிக்சலில் பின்னம் கிடையாது என்பதால் ஒரு புள்ளி ஏழாகவும், எப்போதோ ஒன்று எட்டாகவும் விழும். அந்த ஏற்ற இறக்கம் சீராகத் திரும்பத் திரும்ப வருவதைத்தான் நம் கண் கட்டமாகப் பார்க்கிறது. அச்சகத்தில் மொய்ரே என்பார்கள். போதாததற்கு ஜேபிஜி ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சாம்பல் அழுக்கைப் பூசியிருக்கிறது. அந்தச் சாம்பலை மெஷின் தன் பங்குக்கு மறுபடியும் புள்ளியாக உடைத்திருக்கிறது. புள்ளி மேல் புள்ளி.

ஆகவே அடுத்த முறை அச்சாகப்போகும் அளவிலேயே பக்கத்தைத் திறங்கள். பெரிதாகத்தான் வரைய வரும் என்றால் கோட்டை மட்டும் பெரிதாக வரையுங்கள். சுருக்கி முடித்த பிறகு டோன் போடுங்கள். சேமிக்கும்போது சாம்பலே இல்லாத கறுப்பு வெள்ளையாக, டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாக வையுங்கள். பிரஸ்ஸில் "100 சதவீதத்தில், ஃபிட் டு பேஜ் போடாமல், பிளாக் ஒன்லி (கறுப்பு மை மட்டும்)" என்று எழுதியே கொடுங்கள். ஒரே ஒரு தாளை புரூஃப் (மாதிரி அச்சு) எடுத்துக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் 30 பிரதிக்கும் சம்மதம் சொல்ல வேண்டும். நீங்கள் வாங்க வேண்டிய முதல் பொருள் அந்த ஒரு புரூஃப் தாள்தான். பத்து இருபது ரூபாயில் முடிகிற காரியம்.

கறுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் உங்கள் கதை முழுக்க ராத்திரி என்பதால் சொல்கிறேன். ஜப்பானில் கறுப்பு நிரப்புவதை பெத்தா என்பார்கள். உதவியாளர் நிரப்ப வேண்டிய இடத்தில் ஓவியர் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார். நீங்களும் தனி லேயரில் (படத்தின் மேல் அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) நீலத்தில் அந்தக் குறியைப் போட்டு, எல்லாப் பக்கத்தையும் சிறிதாக்கி ஒன்றாக வைத்துப் பாருங்கள். கறுப்பு எங்கே குவிகிறது, எங்கே வறண்டு கிடக்கிறது என்று தெரியும். டோன் அதற்கு அப்புறம். கறுப்பு சரியாக உட்கார்ந்த பக்கத்துக்கு 10, 20, 30 சதவீதம் கருமை என்று மூன்று டோன் போதும். உங்கள் பக்கங்களில் எட்டு வகை எண்ணினேன்.

பக்கெட் கருவியால் நிரப்பும்போது கோட்டை ஒட்டி வெள்ளைப் பொடி நிற்கிறது. கோட்டின் ஓரத்தை மென்பொருள் மழுங்கடிப்பதால் வருவது அது. அந்த மழுங்கலை, அதாவது ஆன்டி-அலியாசிங்கை, அணைத்துவிட்டு, நிரப்பும் பரப்பை ஒன்று இரண்டு பிக்சல் விரியும்படி அமைத்து, கறுப்பைக் கோட்டு லேயருக்குக் கீழே தனி லேயரில் வையுங்கள். பிறகு எல்லாவற்றுக்கும் அடியில் பளீர் சிவப்பில் ஒரு லேயர். கறுப்புக்குள் ஓட்டை இருந்தால் சிவப்பாகக் கண் சிமிட்டும். உங்கள் 11ஆம் பக்கத்தில் நான் செய்து பார்த்தேன். வலையின் கண்களுக்கு நடுவில் மட்டும் நாற்பதுக்கு மேல் இருந்தது. இன்னொன்று, கறுப்புத் தலைமுடி கறுப்புக் கடலில் கரைந்துபோகிறது. ஆளைச் சுற்றி இரண்டு மூன்று பிக்சல் வெள்ளை விளிம்பு விடுங்கள், ஆள் முன்னால் வந்துவிடுவார்.

தாளையும் கேட்டு வாங்குங்கள். பளபளப்பு இல்லாத மேப்லித்தோ தாள் மையைக் குடிக்கும், புள்ளி பருத்துவிடும். என் அனுபவத்தில் 5 சதவீத டோன் அதில் காணாமலே போகும். 50க்கு மேல் போனால் அடைத்துக் கறுப்பாகிவிடும்.

இப்போது பணம். முதலில் பிரஸ்ஸுக்குப் பணிவாக, எழுத்தில், தேதி போட்டுக் கேளுங்கள்: கலருக்கும் கறுப்பு வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத் தொகை, இல்லையென்றால் சரியான ஃபைலை வைத்து மறு அச்சு. முழுப் பணத்தையும் கேட்காதீர்கள். சுருக்கியதால் வந்த கட்டத்துக்கு அவர்களை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமில்லை. ஆனால் புரூஃப் காட்டாமல் 30 பிரதியும் ஓட்டியது சேவைக் குறைபாடுதான் என்று நான் சொல்வேன். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். பிரஸ் பாண்டிச்சேரியில் இருந்தாலும் கடலூர் ஆணையத்துக்கே போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

மென்பொருளுக்கு வருகிறேன். கிருதா இலவசம், 4.4 பதிப்பிலிருந்து டோன் புள்ளியை நிரப்பும் லேயர் அதிலேயே உண்டு. மெடிபாங் பெயின்டும் இலவசம், டோன்கள் உள்ளேயே இருக்கும், விளம்பரம் வரும். கிளிப் ஸ்டுடியோ பெயின்ட்டில் சாம்பலாக வரைந்த லேயரை ஒரே சொடுக்கில் புள்ளியாக்கலாம், லைன் எண்ணை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மாங்காவுக்கென்றே செய்த மென்பொருள் என்பது தொட்டால் தெரியும். அதில் ப்ரோ, இஎக்ஸ் என்று இரண்டு உண்டு. டோன் இரண்டிலும் உண்டு. பல பக்கங்களை ஒரே புத்தகமாகக் கட்டி மேய்க்கத்தான் இஎக்ஸ். 24 பக்கத்துக்கு ப்ரோ தாராளம். சோதனைக் காலத்தில் நாலு பக்கம் போட்டுப் பாருங்கள். வாங்குவதென்றால் தள்ளுபடி வரும்வரை பொறுங்கள், வருடத்தில் சில முறை வருகிறது.

கேள்வி: நான் போனில் படிக்கிறவர்களுக்கு மட்டும் வரைகிறேன். "800 டோன்" என்று ஒரு பேக் விற்கிறார்கள். வாங்கலாமா? (வில்லியனூர்)

பதில்: புள்ளிக்காக வாங்காதீர்கள். ஏ4, 600 டிபிஐ பக்கம் 4,961 பிக்சல் அகலம். போன் திரை பெரும்பாலும் 1,080. சுருங்கும்போது 10 பிக்சல் புள்ளி இரண்டே சொச்சம் பிக்சலாகிறது. அதில் புள்ளி எங்கே நிற்கும்? கட்டம்தான் நிற்கும். போனுக்கு மட்டும் என்றால் சாம்பலாகவே விடுங்கள், படிக்க இதமாக இருக்கும். புள்ளியின் அழகு வேண்டும் என்றால் சுருக்கி முடித்து, கடைசி அளவில், பெரிய புள்ளியாகப் போடுங்கள். அதன் பிறகு படத்தைத் தொடக்கூடாது.

பேக்கில் காசு கொடுக்கத் தகுந்தது வேலைப்பாடுகள்: லேஸ், இலைக்கூட்டம், மேகம், மழை. வாங்குமுன் மூன்று விஷயம் விற்பனைப் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை டிபிஐ, அடுத்தடுத்து ஒட்டினால் இணைப்பு தெரியாமல் சேருமா, விற்பனைக்கான படைப்பில் பயன்படுத்த உரிமம் உண்டா. உரிமம் பற்றி ஒரு வரியும் இல்லாத பேக் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். யாரோ ஒருவர் ராத்திரி கண் விழித்து வரைந்ததை அவருக்கே தெரியாமல் தொகுத்து விற்பதும் நடக்கிறது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பென் டேப்லெட்டில் கோடு நடுங்குகிறது. பெட்டியைப் பிரித்ததால் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் விற்றவர். (லாஸ்பேட்டை)

பதில்: மெதுவாகச் சாய்கோடு இழுக்கும்போது மட்டும் நடுங்குகிறதா என்று பாருங்கள். டிரைவரை மறுபடி போட்டு, வேறு கேபிள், வேறு கணினியிலும் சோதியுங்கள். சார்ஜர் அருகில் இருந்தாலும் நடுங்கும். எல்லாம் செய்தும் நின்றபாடில்லை என்றால் பொருளில்தான் குறை. அதை வீடியோ எடுத்து வையுங்கள். பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது? குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று சட்டமே சொல்கிறது. பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, எம்ஆர்பி இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும் படம் எடுத்துப் புகாரில் சேருங்கள்.

கேள்வி: வரையும் செயலியை போனிலிருந்து நீக்கி மூன்று மாதம் ஆகிறது. மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கிறது. (பண்ருட்டி)

பதில்: செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. எந்தக் கணக்கில் சந்தா சேர்ந்தீர்களோ அதற்குள் போய் ரத்து செய்யுங்கள். யுபிஐ ஆட்டோபே என்றால் உங்கள் யுபிஐ செயலியிலும், கார்டு என்றால் வங்கிப் பக்கத்திலும் அந்த மேன்டேட்டை (தானாக எடுக்கக் கொடுத்த அனுமதியை) நீக்குங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குச் செய்தி வர வேண்டும். மூன்று மாதச் செய்திகளையும் தேடிப் பாருங்கள். வரவே இல்லையென்றால் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். வந்திருந்து நீங்கள் பார்க்காமல் விட்டிருந்தால் போன மாதங்களின் பணத்தை மீட்பது கடினம். கடைசி மாதத்துக்காவது நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள், சிலர் தருகிறார்கள். ரத்து செய்வதற்கு முன் அவர்கள் கிளவுடில் கிடக்கும் உங்கள் பக்கங்களை லேயரோடு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.