கிழமை பார்த்து வாருங்கள்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு சேலம் வருகிறோம். ஏற்காடு ஏற்கெனவே பார்த்தாயிற்று. இந்த முறை பழமை மாறாத சந்தை ஊர் ஒன்றையும் சுற்றுவட்டாரக் கிராமங்களையும் பார்க்க ஆசை. ஞாயிறு மதியம் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா? நல்ல போட்டோக்கள் கிடைக்குமா?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: கிடைக்கும். காலிப் பொட்டல், ஆட்டுப் புழுக்கை, காற்றில் உருளும் பிளாஸ்டிக் கப் என்று மூன்று நல்ல போட்டோ கிடைக்கும். சந்தை ஊருக்கு உயிர் வருவதே வாரத்தில் ஒரு நாள்தான் ஐயா. மேச்சேரிக்குப் புதன். கொங்கணாபுரத்துக்குச் சனி. எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் கிழமை என்று கேட்டிருக்க வேண்டும்.

"பழமை மாறாத" என்பதையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பழமை மாறாத சந்தை எப்போதோ மூடியிருக்கும். இன்று ஆடு மினி டெம்போவில் வந்து இறங்குகிறது, பாதிப் பணம் போனிலேயே போய்ச் சேருகிறது. அப்படி மாறிக்கொண்டதால்தான் கொங்கணாபுரம் சனிச்சந்தை இன்றும் கூடுகிறது. வெற்றிலைப் பெட்டியும் மாட்டுவண்டியும் தேடி வருகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இந்தக் கொங்கணாபுரத்தைத்தான். சேலத்திலிருந்து மேற்கே, தாரமங்கலம் தாண்டி, எடப்பாடிக்கு முன்னால். விடியும்போது அங்கே இருக்க வேண்டும். வெயில் ஏறியபின் மிச்சம்தான் கிடைக்கும். ஆட்டுப் பக்கம் போய்ப் பேசாமல் நில்லுங்கள். கறிக்கடைக்காரர் முதலில் ஆட்டின் முதுகில் கை வைப்பார். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக் கறி எவ்வளவு தேறும் என்று பார்ப்பார். பிறகு முன்னங்காலைச் சேர்த்துப் பிடித்து ஒரு தூக்கு. அதுதான் அவருடைய தராசு. வளர்ப்புக்கு வாங்க வந்தவர் அதெல்லாம் செய்யமாட்டார். உதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார். ரெண்டு பல் போட்டிருந்தால் ஒரு வயதைத் தாண்டிய ஆடு. ஒரே கிடாவுக்கு இரண்டு பேரும் இரண்டு விலை சொல்வார்கள், இரண்டுமே நியாயமாக இருக்கும். நடுவில் தரகர். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தால் பார்த்துக்கொள்ளுங்கள், எட்டிப் பார்க்காதீர்கள். அது மூன்றாம் ஆளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தானே துண்டு!

வழியை அடைத்துக்கொண்டு நின்றால், "ஏனுங்க, வாங்கறீங்களா, வழி வுடறீங்களா?" என்று ஒரு குரல் வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது இந்தப் பக்கத்து மரியாதை. "ங்க" போட்டுத்தான் விரட்டுவார்கள். சண்டைச் சேவல் விற்கும் பக்கம் மட்டும் போனை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். ஏன் என்பது அவர்களுக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும். ஆடி பதினெட்டு, தீபாவளி, பக்ரீத் என்று ஏதாவது நெருங்கும் வாரமானால் கூட்டம் நெரிந்துவிடும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேறு வாரம் பாருங்கள்.

பருத்திப் பருவமாக இருந்தால் அதே சனிக்கிழமை, அதே ஊரில், கூட்டுறவுச் சங்கத்தில் ஏலமும் நடக்கும். வரிசையாக அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவே வியாபாரி நடந்துபோவார். ஒரு மூட்டையில் விரலை விட்டு ஒரு கொத்துப் பஞ்சைப் பிடுங்கி, இரண்டு கையாலும் மெல்ல இழுத்து இழை நீளம் பார்ப்பார். விவசாயியின் கண் பஞ்சில் இருக்காது, அந்த ஆளின் முகத்தில்தான் இருக்கும். உங்களுக்கு ஒரே ஒரு போட்டோதான் என்று சொன்னால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். கேட்டுவிட்டு எடுங்கள்.

திரும்பும் வழியில் தாரமங்கலம். உச்சிவேளையில் நடை சாத்துவதற்குள் கைலாசநாதர் கோயிலுக்குள் நுழைந்துவிடுங்கள். மதுரை நாயக்கர்களுக்குக் கீழே இந்தச் சீமையை ஆண்ட கெட்டி முதலிகளுக்கு இதுதான் தலைநகரம். சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் குண்டை எல்லோரும் விரல் விட்டு உருட்டிப் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். வெளியே மட்டும் வராது. அதைவிட எனக்குப் பிடித்தது வாலி தூண். மறைந்து நிற்கும் ராமனிடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலியிடத்திலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டான். ஒரு பெரிய வழக்கின் இரண்டு தரப்பையும் சிற்பி கல்லிலேயே தீர்த்துவிட்டான்! பிள்ளைகளை ஆளுக்கொரு பக்கம் நிறுத்திப் பாருங்கள். வெளியே வந்தபின் பக்கத்துத் தெருக்களில் ஒரு நடை போனால் பட்டுத்தறிச் சத்தம் கேட்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டுமென்ற ஆசையில் பூலாம்பட்டியையும் சேர்க்காதீர்கள். சேர்ப்பதானால் தாரமங்கலத்தை விடுங்கள். பூலாம்பட்டியில் காவிரியைக் கடந்து அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு போகிறது. நமக்கு அது சவாரி. அவர்களுக்கு அது டவுன் பஸ், பைக்கையே ஏற்றிக்கொண்டு போவார்கள். சங்ககிரிக் கோட்டை வேண்டுமானால் அதற்கென்று தனி நாள் ஒதுக்குங்கள். தீரன் சின்னமலையை 1805இல் தூக்கிலிட்ட இடம். போகிறபோக்கில் எட்டிப் பார்க்கிற விஷயமில்லை, ஏறவும் மூச்சு வேண்டும்.

வெல்லம் வாங்கினால் பளபளவென்று மஞ்சளாக மின்னுவதை விட்டுவிட்டுக் கறுத்ததாகப் பார்த்து வாங்குங்கள். மினுமினுப்பு பெரும்பாலும் மருந்தின் வேலை.

ஏற்காடு பார்த்தாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். ஏரியையும் பகோடா பாயின்டையும் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் தாம்பரத்துக்குப் பக்கத்துப் பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்த மண்ணில் ஆதிமனிதன் வாழ்ந்ததை உலகத்துக்குக் காட்டிய ராபர்ட் புரூஸ் ஃபூட், கடைசிக் காலத்தில் குடியிருந்தது ஏற்காட்டில்தான். ஹோலி டிரினிட்டி சர்ச்சில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. படகுத்துறையில் வரிசையில் நிற்கும் நேரத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

இனி உங்கள் பயணத் திட்டம். வெள்ளி இரவு சென்ட்ரலில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். பெயரைப் பார்த்து மலைக்கு ஏறும் என்று நினைக்கவேண்டாம், அது ஈரோட்டுக்குப் போகிற வண்டி. உங்களை விடியுமுன் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிடும். லாட்ஜைத் தேடாமல் பல் தேய்த்து, ஒரு டீ குடித்து, நேரே மேற்கே கார் பிடியுங்கள். தூங்குவதற்குத்தான் நீங்கள் கேட்ட அந்த ஞாயிறு மதியம் இருக்கிறதே.