நாலு கிலோ விதைநெல்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சென்ற மாதம் காலமானார். இருபது வருடமாக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முதியோர் உதவித்தொகைக்கும் விதவை உதவித்தொகைக்கும் காசு வாங்காமல் மனு எழுதிக்கொடுத்தவர். சிலை வைக்க வசூல் நடக்கிறது. நினைவு மலருக்கு என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று தொடங்கிவிட்டு மேலே நகராமல் நிற்கிறேன். எப்படி எழுதுவது?

இரா., மன்னார்குடி

அன்புள்ள இரா.,

டிசம்பர் வந்தாலே எனக்கு, பாரம்பரிய நெல்லை மீட்ட நெல் ஜெயராமன் நினைவுதான். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்திருக்கிறது.

சிலை ஊர்க்காரர்கள் பாடு, விடுங்கள். அந்த முதல் வரியை மட்டும் அடித்துவிடுங்கள். யார் போனாலும் ஃபிளெக்ஸில் அதைத்தான் போடுகிறோம். ஈடுசெய்ய முடியாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் எதுவும் செய்ய வேண்டாம் அல்லவா? மனு எழுத என்ன வேண்டும்? ஒரு பேனா, கொஞ்சம் பொறுமை. உங்களிடம் இல்லாததா?

ஜெயராமன் உங்கள் பக்கத்துக்காரர்தான், திருத்துறைப்பூண்டி. இயற்கை வேளாண்மைக்காரர் நம்மாழ்வார் வழியில் வந்தவர். 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தார். 2006 முதல் பக்கத்து ஆதிரெங்கத்தில் வருடா வருடம் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதை இலவசம். அடுத்த வருடம் அதை 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அந்த 4 கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும்.

2017 திருவிழாவில் என் பெரியப்பா மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய ரக விதை வாங்கி வந்தார். ஆளுயரம் வளர்ந்து நின்றது. அறுவடை முடிந்ததும் 4 கிலோவை அளந்து கட்டி என்னிடம் கொடுத்தார். கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று வாங்கியவன் நான்தான். இந்த வாரம், அடுத்த வாரம் என்று நாள் ஓடியது. பை பரணுக்குப் போனது. 2018 டிசம்பர் 6 அன்று புற்றுநோய் ஜெயராமனைக் கொண்டுபோன செய்தி வந்தது. நானும் உருகி உருகிப் பத்து வரி எழுதினேன். பெரியப்பா எதுவும் பேசாமல் பரணிலிருந்து பையை இறக்கிப் பிரித்தார். நெல்லில் அந்து விழுந்திருந்தது.

வயலில் அவர் மறுபடி போட்டிருந்த சம்பா அப்போது கதிர் விட்டிருந்தது. அதிலிருந்து 8 கிலோ எடுத்துக்கொண்டு 2019 திருவிழாவுக்குப் போனோம். வாங்கிக்கொண்ட பையன் நோட்டில் பெயரைக் குறித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். பெரியப்பா வெளியே வந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சரி, உங்கள் கட்டுரை. தபால்காரர் வீட்டில் பாதி எழுதிய மனுக்கள் கட்டாயம் கிடக்கும். இன்றைக்கே போய் வீட்டாரிடம் கேட்டு வாங்குங்கள். மனுவுக்கு உரியவர்களைத் தேடிப் போய் மீதியை நிரப்பிக் கொடுங்கள். மலர் ஒரு மாதம் தள்ளி வரட்டும்.