டல்லடேகாவில் நட்சத்திரங்கள் இல்லாத முதல் பந்தயம்

கேள்வி: அமெரிக்காவின் டல்லடேகா ஓடுதளத்தில் 1969-இல் நடந்த முதல் ஸ்டாக் கார் (விற்பனைக் கார்களின் வடிவில் அமைந்த பந்தயக் கார்) பந்தயத்தை முன்னணி ஓட்டுநர்கள் புறக்கணித்தது ஏன்? பணத் தகராறா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: பணம் குறித்தும் அவர்களுக்குக் குறைகள் இருந்தன, அதற்கு முந்தைய மாதம்தான் முன்னணி ஓட்டுநரான ரிச்சர்ட் பெட்டியின் தலைமையில் ஓட்டுநர் சங்கம் ஒன்றையும் தொடங்கியிருந்தார்கள். ஆனால் அன்று அவர்களை வெளியேறச் செய்தது டயர். அலபாமா மாநிலத்தில் அமைந்த அந்தப் புதிய ஓடுதளத்தின் நீளம் 2.66 மைல், அதன் வளைவுகள் 33 பாகை சாய்வுடன் சுவர்போல் எழுந்து நின்றதால், வளைவிலும் வேகத்தைப் பெரிதாகக் குறைக்க வேண்டியிருக்கவில்லை. தகுதிச் சுற்றில் சார்லி குளோட்ஸ்பாக் மணிக்கு 199 மைலுக்கும் மேல், அதாவது ஏறத்தாழ 321 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அத்தகைய வேகத்தில் சாய்தளத்தின்மேல் கார் அழுந்தும் விசையையும், அதனால் எழும் வெப்பத்தையும் அக்காலத்து டயர்களால் தாங்க இயலவில்லை. பயிற்சியின்போதே சில சுற்றுகளில் ரப்பர் பிய்ந்து வந்தது. பந்தயமோ 188 சுற்றுகள்.

ஓட்டுநர்கள் பந்தயத்தைத் தள்ளிவைக்கக் கோரினார்கள். ஓடுதளத்தைக் கட்டியவரும், ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் அன்றைய தலைவருமான பில் ஃபிரான்ஸ் இணங்கவில்லை; ஏறக்குறைய அறுபது வயதிலும் தாமே ஒரு காரை மணிக்கு 170 மைலுக்கும் மேலான வேகத்தில் ஓட்டிக் காட்டினார். அவருடைய துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் தனியாகச் சில சுற்றுகள் ஓட்டுவதும், நாற்புறமும் கார்கள் நெருங்கிவர 500 மைல் ஓட்டுவதும் ஒன்றல்ல. பெட்டியும் முப்பதுக்கும் மேற்பட்டோரும் வெளியேறினார்கள்.

கேள்வி: அப்படியானால் பந்தயம் எப்படி நடந்தது?

பதில்: முன்தினம் வேறொரு பிரிவில் ஓடிய சிறிய கார்களைச் சேர்த்து, செப்டம்பர் 14 அன்று 36 கார்களுடன் நடத்தினார்கள். நுழைவுச் சீட்டு வைத்திருந்தவர்களுக்குப் பின்னொரு பந்தயத்தை இலவசமாகப் பார்க்கவும் ஃபிரான்ஸ் வாய்ப்பளித்தார். குளோட்ஸ்பாக் விட்டுச்சென்ற, பின்புறம் உயர்ந்த இறக்கை கொண்ட டாட்ஜ் காரை ஓட்டிய ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ் வென்றார். நாஸ்காரின் முதன்மைத் தொடரில் அவர் பெற்ற ஒரே வெற்றி அது. பெரிய விபத்து எதுவும் நிகழாததால் ஓட்டுநர்களின் அச்சம் வீண் என்று சிலர் இன்றும் வாதிடுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். டயர்களைச் சோதிப்பதற்காகவே மஞ்சள் கொடி காட்டிக் கார்களை நிதானப்படுத்தினார்கள். ஓட்டியவர்களும் டயரைக் காக்க வேகத்தை அடக்கிக்கொண்டார்கள். வெளியேறியவர்கள் எச்சரித்த ஆபத்தை நடத்தியவர்களே ஒப்புக்கொண்டு ஓட்டிய பந்தயம் அது.