காந்தி பேரைக் கொஞ்சம் விட்டுவைக்கலாமே

கேள்வி: ஜம்மு காஷ்மீர் விடுதலை முன்னணி (ஜே.கே.எல்.எஃப்.) மதவாத அமைப்பு கிடையாது. பாகிஸ்தானோடு சேர வேண்டும் என்று அவர்கள் கேட்கவும் இல்லை, தனி நாடுதான் கேட்டார்கள். 1994லேயே ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். காந்தி வழிக்கு வந்துவிட்ட அதன் தலைவர் யாசின் மாலிக்கை ஆயுள் முழுக்க உள்ளே வைப்பது என்ன நியாயம்? மழுப்பாமல் பதில் சொல்லவும்.
– வாசகர், தென்காசி

பதில்: மழுப்பவில்லை. நீங்கள் சொன்னதில் முதல் மூன்றும் ஏறக்குறைய சரிதான். நாலாவதாகக் காந்தியைக் கொண்டுவந்து சேர்த்தீர்கள் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது.

முதலில் சரியானதைச் சொல்லிவிடுகிறேன். இந்த முன்னணி பிறந்தது காஷ்மீரில் இல்லை, 1977இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில். ஆரம்பித்த அமானுல்லா கான் கில்கித் பக்கத்து அஸ்தோரில் பிறந்தவர். இயக்கத்தின் மூலபுருஷர் என்று அவர்கள் கொண்டாடும் மக்பூல் பட் அப்போது இந்தியச் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதி. 1947 ஆகஸ்டில் மகாராஜா ஹரி சிங்கிடம் இருந்த மொத்த ராஜ்யமும், அதாவது ஜம்மு, பள்ளத்தாக்கு, லடாக், அந்தப் பக்கம் முசாஃபராபாத், கில்கித் எல்லாம் சேர்ந்து ஒரே நாடாக வேண்டும், இந்தியாவும் பாகிஸ்தானும் ரெண்டு பேரும் கிளம்ப வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருத்தனிடம் துப்பாக்கி வாங்கிக்கொண்டு அவனையே வெளியே போ என்று சொன்னால் அவன் போவானா?

பழைய கதை ஒன்று. 1971 ஜனவரி 30. ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குக் கிளம்பிய ‘கங்கா’ என்ற ஃபோக்கர் விமானத்தை ஹாஷிம் குரேஷி, அஷ்ரஃப் குரேஷி என்ற இரண்டு இளைஞர்கள் லாகூருக்குக் கடத்தினார்கள். கையில் இருந்தது பொம்மைத் துப்பாக்கியும் மரத்தில் செய்த கையெறி குண்டும்! அனுப்பியது மக்பூல் பட்டின் பழைய அமைப்பு. லாகூரில் கூட்டம் கூடிக் கொண்டாடியது, பாகிஸ்தான் அரசியல் தலைவர் புட்டோவே விமான நிலையத்துக்குப் போய் அந்தப் பையன்களைப் பார்த்தார். பயணிகளை இறக்கி அனுப்பிவிட்டு விமானத்தைக் கொளுத்தினார்கள். இந்தியா தன் வான்வழியை மூடியது. பாகிஸ்தான் விமானங்கள் டாக்காவுக்குப் போக இலங்கையைச் சுற்றிக்கொண்டு, கொழும்பில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு அலைய வேண்டியதாயிற்று. அப்போது பாகிஸ்தானின் பகுதியாக இருந்த கிழக்கு வங்காளம், அதாவது இன்றைய வங்கதேசம், கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. உடனே பாகிஸ்தானுக்கு ஞானம் வந்தது: இது இந்தியாவின் சதி! மாலை போட்ட கையோடு விலங்கும் போட்டார்கள். ஹாஷிம் குரேஷி ஒன்பது வருஷம் பாகிஸ்தான் சிறையில் கிடந்தார். மக்பூல் பட்டையும் விடவில்லை, அவர் மீதும் வழக்கு. அமைப்பின் பெயர் மாறியது, ஆட்கள் மாறினார்கள், பாகிஸ்தான் நடந்துகொண்ட விதம் மட்டும் கடைசி வரை மாறவில்லை.

சரி, எண்பதுகளுக்கு வருவோம். இதில் நம் பங்கைச் சொல்லாமல் விட்டால் அது பித்தலாட்டம். 1987 சட்டமன்றத் தேர்தலில் ஸ்ரீநகர் அமீராகடல் தொகுதியில் முஸ்லிம் ஐக்கிய முன்னணி சார்பில் முகம்மது யூசுஃப் ஷா என்பவர் நின்றார். அவருக்கு பூத் ஏஜென்டாக வேலை பார்த்த பையன்களில் ஒருவர் யாசின் மாலிக். வாக்கு எண்ணிக்கையில் நடந்த கூத்து ஊரறிந்தது. தேசிய மாநாட்டுக் கட்சிக்காரர் ஜெயித்ததாக அறிவித்தார்கள். கேள்வி கேட்ட ஏஜென்டுகளை அடித்து உள்ளே தள்ளினார்கள். அந்த யூசுஃப் ஷாதான் பின்னால் சையது சலாஹுதீன் என்ற பெயரில் ஹிஸ்புல் முஜாஹிதீன் என்ற பாகிஸ்தான் ஆதரவு ஆயுதக் குழுவின் தலைவரானார். யாசின் மாலிக் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய்த் துப்பாக்கியோடு திரும்பினார். ஓட்டுப் பெட்டியை நம்பி வந்தவனை அந்தப் பெட்டியாலேயே மண்டையில் அடித்து அனுப்பினோம்.

இதெல்லாம் ஏன் துப்பாக்கி எடுத்தார்கள் என்பதற்குக் காரணம். எடுத்த பிறகு யாரைச் சுட்டார்கள் என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கைத்தான் உங்கள் கேள்வி தாண்டிக் குதிக்கிறது. மக்பூல் பட்டுக்கு 1968இல் தூக்குத் தண்டனை விதித்த நீதிபதி நீலகண்ட கஞ்சூ, ஓய்வு பெற்ற கிழவர், பண்டிட், அதாவது காஷ்மீர் இந்து. 1989 நவம்பரில் ஸ்ரீநகர் நடுத்தெருவில் சுட்டுப் போட்டார்கள். அதற்கு அடுத்த மாதம், வி.பி. சிங் அமைச்சரவை பதவியேற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை, உள்துறை அமைச்சர் முஃப்தி முகம்மது சயீதின் மகள் ருபையா, பயிற்சி மருத்துவர், வேலை முடிந்து மினி பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறார், பஸ்ஸோடு மடக்கித் தூக்கிக்கொண்டு போனார்கள். சிறையில் இருந்த ஐந்து பேரை விட்டதும் டிசம்பர் 13 அன்று அவரை விட்டார்கள். ஊரெல்லாம் பட்டாசு. டெல்லியை மண்டியிட வைக்கலாம், அதற்கு ஒரு பெண்ணைத் தூக்கினால் போதும் என்று பள்ளத்தாக்கில் இருந்த ஒவ்வொரு பதினெட்டு வயதுப் பையனுக்கும் அன்றைக்குப் புரிந்தது.

அப்புறம் 1990 ஜனவரி 25. ஸ்ரீநகர் ராவல்போராவில் காலையில் டியூட்டி வண்டிக்காகச் சாலையோரம் நின்றிருந்த விமானப்படையினர் மீது சுட்டார்கள். கையில் ஆயுதம் இல்லாத ஆட்கள். ஸ்குவாட்ரன் லீடர் ரவி கன்னா உட்பட நாலு பேர் செத்தார்கள். இதற்கு நாலு நாள் முன்னால்தான் கவ்கடல் பாலத்தில் ஊர்வலம் போனவர்களை நம் சி.ஆர்.பி.எஃப். சுட்டு வீழ்த்தியிருந்தது. அதையும் மறைக்கவில்லை. அதற்கு இது பதில் என்று யாராவது சொன்னால், பஸ்ஸுக்கு நின்றவன் எந்தப் பாலத்தில் சுட்டான் என்று திருப்பிக் கேட்பேன்.

மதவாதம் இல்லை என்கிறீர்கள். கொள்கைத் தாளில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஊரைக் காலி செய்துகொண்டு ஜம்முவுக்கு லாரி ஏறிய பண்டிட் குடும்பங்கள் கொள்கைத் தாளைப் படித்துவிட்டா ஏறின?

இனி இரவல் துப்பாக்கிக்கு வருகிறேன். பாகிஸ்தானுக்கு வேண்டியது காஷ்மீர், சுதந்திர காஷ்மீர் அல்ல. பையன்கள் ‘குத்முக்தார்’ என்று தனி நாடு கோஷம் போட ஆரம்பித்ததும் பாகிஸ்தான் உளவு அமைப்பான ஐ.எஸ்.ஐ. காசையும் ஆயுதத்தையும் ஹிஸ்புல் பக்கம் திருப்பிவிட்டது. ஹிஸ்புல் ஆட்கள் முன்னணி ஆட்களையே வேட்டையாடினார்கள். ஒரு பக்கம் இந்திய ராணுவம், மறு பக்கம் நேற்று வரை கூட நின்றவன். மக்பூல் பட்டை இந்தியா தூக்கிலிட்டது 1984 பிப்ரவரி 11இல். 1992இல் அதே நாளுக்கு, முசாஃபராபாத்திலிருந்து எல்லைக் கோட்டைத் தாண்டி நடப்போம் என்று அமானுல்லா கான் கூட்டம் கூட்டினார். தடுத்துச் சுட்டது யார்? பாகிஸ்தான் படை. பலர் செத்தார்கள். அந்தப் பக்கத்துக்குப் பெயர் ஆசாத் காஷ்மீர். ஆசாத் என்றால் சுதந்திரம். அங்கே தேர்தலில் நிற்க வேண்டும் என்றால், காஷ்மீர் பாகிஸ்தானோடு இணைவதில் நம்பிக்கை உண்டு என்று வேட்பு மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். முன்னணிக்காரர்கள் போட மாட்டோம் என்றார்கள், மனுக்களை வரிசையாகத் தள்ளுபடி செய்தார்கள். நம் ஊர்ப் பக்கம் ‘ஆசாதி’ என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் அந்த வேட்பு மனுவை ஒரு தடவை படித்துப் பார்க்கலாம்.

ஆக, 1994 மே மாதம் சிறையிலிருந்து வெளியே வந்த யாசின் மாலிக் போர் நிறுத்தம் அறிவித்தார். மனம் மாறினாரா, ஆளும் ஆயுதமும் தீர்ந்ததா? ரெண்டும் கலந்துதான் இருக்கும் என்பது என் யூகம். எப்படியானாலும் நிறுத்தியது நல்லதே. அதற்குப் பிறகு தன் ஆட்கள் நூற்றுக்கணக்கில் செத்தும் மறுபடி துப்பாக்கியைத் தொடவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டது உண்டு. ஆனால் சுடுவதை நிறுத்துவது ஒன்று, சுட்டதற்குப் பதில் சொல்வது இன்னொன்று. ரெண்டாவதை அவர் செய்யவே இல்லை. 2013இல் இஸ்லாமாபாத் உண்ணாவிரதப் பந்தலில் லஷ்கர்-இ-தொய்பா பயங்கரவாத அமைப்பின் நிறுவனர் ஹஃபீஸ் சயீதைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டவர், 2022இல் டெல்லி நீதிமன்றத்தில் தண்டனை பற்றிப் பேசும்போது காந்தி வழியில் நடப்பதாகச் சொன்னார். சௌரி சௌராவில் வன்முறை நடந்ததும் காந்தி இயக்கத்தையே நிறுத்தியவர், நீங்கள் எதை நிறுத்தினீர்கள் என்ற தோரணையில் நீதிபதி தீர்ப்பில் எழுதினார். எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை.

கோபம் வருவது வேறு இடத்தில். அந்த 2022 ஆயுள் தண்டனை பயங்கரவாதத்துக்குப் பணம் திரட்டிய வழக்கில் வந்தது. ராவல்போராவுக்காக இல்லை. நடுவில் எத்தனை அரசாங்கங்கள்! பாஸ்போர்ட் கொடுத்தார்கள், 2006இல் பிரதமர் மன்மோகன் சிங் வீட்டுக்கே கூப்பிட்டுப் பேசினார். பேச்சுவார்த்தைக்கு ஆள் வேண்டும் என்றபோது கொலை வழக்கின் தூசியைத் தட்ட யாருக்கும் மனசு வரவில்லை, ஆள் வேண்டாம் என்றானதும் 2019இல் அமைப்புக்குத் தடை, தலைவருக்குத் திகார். ராவல்போரா வழக்கில் குற்றச்சாட்டு பதிவானது 2020 மார்ச்சில். முப்பது வருஷம் கழித்து! உங்கள் நியாயக் கேள்வியை இங்கே கேட்டிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து கேட்டிருப்பேன்.

2024 ஜனவரியில், அன்று சம்பவ இடத்தில் இருந்த முன்னாள் விமானப்படைக்காரர் ஒருவர் ஜம்மு நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறி, சுட்டவர் இவர்தான் என்று அடையாளம் காட்டினார். காட்டியது டிவி திரையை. மாலிக் திகாரிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார்.