பெர்செபொனி எத்தனை மாதம் பாதாளத்தில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தானியத் தெய்வம் டிமீட்டரின் மகள் பெர்செபொனி பாதாளத்தில் இருக்கும் மாதங்கள்தான் குளிர்காலம் என்கிறது கிரேக்கக் கதை. நான் படித்த ஒரு நூலில் நான்கு மாதம், இன்னொன்றில் ஆறு. எது சரி? அறிவியல் இல்லாத காலத்தில் பருவ மாற்றத்துக்கு மக்கள் கட்டிக்கொண்ட விளக்கம்தானே இது?

ர.

அன்புள்ள ர.,

இரண்டுமே இருக்கின்றன. பொ.மு. 7 அல்லது 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டிமீட்டர் துதி (ஹோமர் பெயரில் வழங்குகிறது, அவ்வளவுதான்) ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைப் பாதாளத்துக்குக் கொடுக்கிறது. ரோமானியக் கவி ஓவிட் அதைச் சரிபாதியாக்கினார். அங்கே அவள் தின்றதால் பாதாளத்துக்குத் திரும்ப வேண்டிவந்த மாதுளை முத்தும் துதியில் ஒன்றுதான். ஓவிட் ஓரிடத்தில் மூன்று என்கிறார், இன்னோரிடத்தில் ஏழு. எனக்குத் துதிதான் உசத்தி.

விளக்கம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏதென்ஸைச் சுற்றிய ஆட்டிகாவில் ஐப்பசி, கார்த்திகை வாக்கில் மழை தொடங்கியதும் கோதுமையும் பார்லியும் விதைப்பார்கள். குளிர்காலம் முழுக்க வயல் பச்சை. மே, ஜூனில் அறுவடை. நிலம் காய்ந்து கிடப்பது கோடையில்தான். இதனால் ஸ்வீடன் அறிஞர் மார்ட்டின் நில்சன், பெர்செபொனி கீழே இருப்பதே கோடையில்தான், நிலத்தடிக் குதிரில் கிடக்கும் தானியமே அவள் என்றார். அழகான வாதம். ஆனால் அவள் வசந்தத்தில் பூக்களோடு திரும்புகிறாள் என்று துதியே சொல்லிவிடுகிறதே!

எப்போது உழ வேண்டும் என்று கிரேக்க விவசாயிக்குக் கதை சொல்லத் தேவையில்லை. கார்த்திகை மீன்கள் மறையும்போது உழு, உதிக்கும்போது அறு என்று பழைய கிரேக்கக் கவி ஹெசியட் பாடிவைத்திருக்கிறார்.

துதியில் பெரும்பகுதி தாயின் கோபம். பெற்றவளைக் கேட்காமல் அப்பன் ஜீயஸ், தேவர்களின் அரசன், மகளைத் தன் அண்ணனும் பாதாள அரசனுமான ஹேடிஸுக்குக் கொடுத்துவிடுகிறான். ஒன்பது நாள் தீப்பந்தத்தோடு தேடி அலைந்த டிமீட்டர், விதையை மண்ணுக்குள்ளேயே முடக்கிவிடுகிறாள். மாடுகள் வீணாக ஏர் இழுக்கின்றன. ஜீயஸ் இறங்கி வந்தது மனிதர்கள்மேல் இரக்கப்பட்டல்ல. அவர்கள் செத்தால் தேவர்களுக்குப் படையல் நின்றுபோகும். இந்தப் பஞ்சம் வருடாவருடம் வருவதல்ல, ஒருமுறை நடந்தது. பெண் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் பங்காகிற ஏற்பாடு அதற்குப் பிறகுதான்.

ஏதென்ஸில் இந்தக் கதையைக் கையில் வைத்திருந்தவர்கள் மணமான பெண்கள். விதைப்புக்கு முன் மூன்று நாள் தெஸ்மோஃபோரியா என்ற டிமீட்டர் விழா; ஆண்களுக்கு அனுமதியில்லை. நடுநாள் உபவாசம். குழியில் போட்டு அழுகிய பன்றிகளின் மிச்சத்தை எடுத்துவந்து பலிபீடத்தில் வைப்பார்கள். அதில் கொஞ்சம் விதையோடு கலந்தால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை.