சூரியனும் நட்சத்திரமும் ஒரே கொடியில்: கேள்வி பதில்

கேள்வி: மாற்று வரலாற்றுக் கதைக்காக அமெரிக்கக் கோடுகளின் நடுவே ஜப்பானின் சிவப்பு வட்டத்தை வைத்து ஒரு கொடி வரைந்தேன். எடுபடவே இல்லை. ஏன் அண்ணா?

பதில்: சிவப்புக் கோட்டின் மேல் சிவப்பு வட்டம் விழுந்தால் விளிம்பு கரைந்துவிடும். ஹினோமாருவின், அதாவது ஜப்பான் கொடியின், உயிரே அந்த வெறும் வெள்ளைதான். கோடுகளை விட்டுவிடுங்கள். வெள்ளைத் துணி, நடுவில் சிவப்பு வட்டம், அதைச் சுற்றி வளையமாக 13 நீல நட்சத்திரங்கள். நட்சத்திரங்களை வளையமாக வைப்பது அமெரிக்காவின் ஆரம்பகாலக் கொடிகளில் இருந்த வழக்கம்தான். 1999 சட்டப்படி ஜப்பான் வட்டத்தின் விட்டம் கொடி உயரத்தில் ஐந்தில் மூன்று பங்கு. வளையத்துக்கு இடம் வேண்டும் என்பதால் ஐந்தில் இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீள அகலம்?

பதில்: அமெரிக்கக் கொடி 10:19, ஜப்பான் கொடி 2:3. இரண்டாவதை எடுங்கள். 10:19 நீளத்தில் வட்டத்தின் இருபுறமும் காலியாகக் கிடக்கும்.

கேள்வி: 16 கதிர்கள் உள்ள உதயசூரியன் கொடி கோடுகளோடு அழகாகச் சேருமே?

பதில்: சேரும். ஆனால் 1870இல் தரைப்படையும் 1889இல் கடற்படையும் ஏற்ற கொடி அது. கொரியாவிலும் சீனாவிலும் அதைப் பார்ப்பவர்களுக்குப் படையெடுப்புதான் நினைவுக்கு வரும். ஜப்பானின் கடல்சார் தற்காப்புப் படை இன்றும் அதை ஏற்றுகிறது என்பதும் உண்மை. போர்க்காலக் கதையென்றால் தாராளமாக வையுங்கள். நட்பு விழாவுக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கதையை எந்த ஆண்டில் தொடங்கலாம்?

பதில்: என்னைக் கேட்டால் 1853. அந்த ஆண்டு அமெரிக்கக் கடற்படை அதிகாரி பெர்ரியின் கப்பல்கள் எடோ விரிகுடாவுக்கு (இன்றைய டோக்கியோ விரிகுடா) வந்தன, 31 நட்சத்திரக் கொடியோடு. அந்நியக் கப்பல்களிலிருந்து தன் கப்பல்களைப் பிரித்துக் காட்ட, மறுவருடமே ஜப்பானை ஆண்ட ஷோகன் அரசு (படைத்தலைவரின் ஆட்சி) சூரிய வட்டக் கொடியை ஏற்றச் சொன்னது. அதாவது, இந்த இரண்டு கொடிகளும் சந்தித்ததே ஒரு வரலாறு. அப்புறம் 1945 செப்டம்பர் 2 அன்று மிசௌரி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் ஜப்பானின் சரணடைவு கையெழுத்தானபோது, பெர்ரியின் அதே கொடியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். நைந்த துணிக்குப் பின்பக்கம் ஒட்டுத்துணி கொடுத்திருந்ததால் திருப்பித்தான் மாட்ட முடிந்தது. நட்சத்திரங்கள் வலது மூலையில் தெரிந்தன. உங்கள் கொடியிலும் 50 வேண்டாம், 31 போடுங்கள். 13ஐவிட அதற்குத்தான் காரணம் வலுவாக இருக்கிறது.

கேள்வி: நிஜத்தில் யாராவது கலந்திருக்கிறார்களா?

பதில்: சரியாகக் கலந்தது என்று சொல்ல முடியாது. போருக்குப் பின் அமெரிக்க ஆட்சியில் இருந்த ஜப்பானியத் தீவான ஒகினாவாவின் கப்பல்கள் நெடுங்காலம் ஏற்றியது ஒரு சமிக்ஞைக் கொடியை. மஞ்சள், நீலம், மஞ்சள். ஓரத்தில் ஒரு முக்கோண வெட்டு. சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. யாருடைய கொடியும் இல்லாமல் கடலில் போன அந்த மக்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கும். 1967இல்தான் ஹினோமாரு கிடைத்தது, அதுவும் ‘ரியூக்யூ’ (அந்தத் தீவுக்கூட்டத்தின் பெயர்) என்று எழுதிய முக்கோணத் துணி மேலே பறக்க. கதையில் ஆக்கிரமிப்பு வந்தால் இதைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: ஜப்பானிய அமெரிக்கர்களின் நினைவு நிகழ்ச்சிக்கு எது பொருந்தும் சார்?

பதில்: அவர்களே தேர்ந்ததைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில், தங்கள் குடும்பங்கள் அமெரிக்காவின் தடுப்பு முகாம்களில் அடைபட்டிருந்தபோதே அமெரிக்காவுக்காகப் போரிட்டவர்கள் பலர் இருந்த 442ஆவது படைப்பிரிவின் தோள்பட்டைச் சின்னம், நீலத்தில் தீப்பந்தம் ஏந்திய கை. சூரியனே இல்லை. அதை மதித்து நீங்களும் தேசியக் கொடிகளைத் தொடாமல் பூக்களுக்குப் போகலாம். 1912இல் டோக்கியோ வாஷிங்டனுக்கு 3,020 செர்ரி மரங்கள் அனுப்பியது; 1915இல் அமெரிக்கா டாக்வுட் என்ற பூமரங்களைப் பதிலுக்குத் தந்தது. செர்ரிக்கு ஐந்து இதழ், டாக்வுட்டுக்கு நான்கு போலத் தெரியும். தூரத்திலும் வித்தியாசம் புரியும். 16 இதழ் சாமந்தியை மட்டும் தொடாதீர்கள், அது பேரரசர் குடும்பத்தின் முத்திரை.