உங்கள் காட்சியில் வாளைவிடப் பெயர்தான் முக்கியம்

வணக்கம் நண்பரே. 1550களின் ஜப்பானில் நடக்கும் உங்கள் கதையில், அப்பா வாளைக் கையில் கொடுத்ததும் பையன் சாமுராய் ஆகிவிடுகிறான், ஆனால் காட்சி உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வாளை ஓரமாக வையுங்கள். சாமுராய் வீட்டுப் பையன் சிறு வயதிலேயே வாள் பழகியவன், அதில் அவனுக்குப் புதுசு எதுவும் இல்லை.

பெரியவனாகும் சடங்குக்கு கென்புகு என்று பெயர். முடியைப் பெரியவர்கள் மாதிரி மாற்றிக் கட்டுவார்கள். அரக்கு பூசி விறைப்பாக்கிய எபோஷி என்ற கருப்புத் தொப்பியை ஒரு பெரிய மனிதர் தலையில் வைத்து, கயிற்றைத் தாடைக்குக் கீழே முடிவார். அன்றிலிருந்து அவர் 'தொப்பித் தந்தை'. அப்புறம் பிள்ளைப் பெயர் போய்ப் புதுப் பெயர் வரும். என்னைக் கேட்டால், காட்சியின் உயிரே அங்கேதான்.

பின்னாளில் ஜப்பானை ஆண்ட ஷோகுன் (படைத்தலைமை ஆட்சியாளர்) தொகுகவா இயெயாசு ஆனவரையே பாருங்கள். சின்ன வயதில் அவர் பெயர் தாகேச்சியோ, இமாகவா குலத்தின் தலைநகரான சுன்புவில் பணயக்கைதி. 1555ல், அந்நாட்டுக் கணக்கில் 14 வயதில், அவருக்குச் சடங்கு நடந்தது. பிடித்து வைத்திருந்த குலத்தலைவர் இமாகவா யோஷிமோதோவே தன் பெயரிலிருந்து 'மோதோ'வைக் கொடுத்தார், பையன் மோதோநோபு ஆனான். மரியாதைதான், ஆனால் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் எஜமான் பெயரும் சேர்ந்தே ஒலிக்கும். 1560ல் ஒகேஹஸாமா போரில் யோஷிமோதோ கொல்லப்பட்டார். 1563ல் அந்த 'மோதோ'வை உதறிவிட்டு இவர் இயெயாசு ஆனார்.

உங்கள் பையனுக்கும் இப்படி ஒரு எஜமானைக் கொடுங்கள். புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது, முதல் தடவை அவன் திரும்பிப் பார்க்காமலே இருக்கட்டும்.